ஜோட்டெரோவும் என் பழைய நோட்டும்

முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டில், பதிப்பு வரலாறு குறித்த இயலை எழுத உட்கார்ந்தபோது, என் நோட்டில் "உ.வே.சா., ப. 212, அடிக்குறிப்பு முக்கியம்" என்று பச்சை மையில் எழுதியிருந்ததைக் கண்டேன். சீவக சிந்தாமணியை 1887இலும் பத்துப்பாட்டை 1889இலும் சிலப்பதிகாரத்தை 1892இலும் பதிப்பித்தவரின் எந்த நூல், எத்தனையாம் பதிப்பு என்பதைக் குறித்துவைக்க அன்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டு நாள் நூலகத்தில் தேடிவிட்டு அந்த மேற்கோளையே நீக்கினேன். நூல் விவரங்களையும் மேற்கோள்களையும் சேமித்து ஒழுங்குபடுத்தும் கணினிச் செயலியான ஜோட்டெரோவை (Zotero) நிறுவியது அந்த வாரத்தில்தான்.

ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2006இல் வெளிவந்த இந்தச் செயலி இலவசமானது. திறந்த மூலநிரல் கொண்டது. ஐஎஸ்பிஎன் எண்ணை இட்டால் நூல் விவரம் வந்துவிடுகிறது. வேர்டில் எழுதும்போதே மேற்கோளைச் செருகலாம். நெறியாளர் துணைநூற்பட்டியலின் அமைப்பை மாற்றச் சொன்னால், முன்பு ஓர் இரவு பிடித்த வேலை சில நொடிகளில் முடிகிறது.

ஆனால் நம் பெயர்கள் இதற்குள் எளிதில் அடங்குவதில்லை. முதற்பெயர், குடும்பப்பெயர் என இரண்டு கட்டங்கள் உள்ளன, தலைப்பெழுத்து தவறான கட்டத்தில் விழுந்தால் பட்டியலில் "உ. வே., சாமிநாதையர்" என்று அச்சாகிவிடும். ஒற்றைக் கட்டமாக மாற்றும் வசதி பக்கத்திலேயே இருக்கிறது என்றாலும், ஒவ்வொரு பதிவையும் கண்ணால் பார்த்துத் திருத்தும் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமை இல்லாமல்தான் என் முதல் இயலின் வரைவில் பதினொரு பெயர்கள் தலைகீழாக நின்றன. பழைய நூல்களின் மின்படிகள் பெரும்பாலும் வெறும் படங்கள் என்பதால், வரிகளுக்கு வண்ணமிட முடியாது; வேண்டிய பகுதியைக் கட்டமிட்டுக் குறிப்பு எழுதலாம், எனக்கு அதுவே போதும். கோப்புகளை ஒத்திசைக்க இலவசமாகத் தருவது 300 எம்பி மட்டுமே. மின்படிகளின் கனத்தில் அது விரைவில் நிறைந்துவிட, அவற்றைக் கணினியிலேயே வைத்து, நூல் விவரங்களை மட்டும் ஒத்திசைக்கிறேன்.

இந்தச் செயலியால் தீராத குறை ஒன்று என்னிடமே இருக்கிறது. உலாவியில் ஒரு பொத்தானை அழுத்தினால் கட்டுரை உள்ளே வந்துவிடுவதால், சேர்த்துவைப்பதையே படித்ததாக எண்ணி மனம் நிறைவடைந்துவிடுகிறது. நான்கு மாதங்களில் 640 பதிவுகள் சேர்ந்திருந்தன. என் சொற்களில் குறிப்பு எழுதியவை 71தான். நோட்டில் கைவலிக்க எழுதிய காலத்தில் நூலின் பெயரை விட்டேனே தவிர, படிக்காத எதையும் எழுதியதில்லை. இப்போது வெள்ளிக்கிழமை மாலைகளில், அந்த வாரம் சேர்த்தவற்றில் மூன்று வரிக் குறிப்புக்கூட எழுதாதவற்றை ஈவிரக்கமின்றி அழித்துவிடுகிறேன்.

ஆய்வைத் தொடங்குவோர் முதல் வாரத்திலேயே இதை நிறுவிக்கொள்ளலாம். பாதி ஆய்வு முடிந்தபின் பழைய குறிப்புகளை ஏற்றுவது பெரும்பாடு. நான் இன்னும் ஏற்றி முடிக்கவில்லை. தலைப்புக் கட்டம் காலியாக, "ப. 212" என்று மட்டும் குறித்த ஒரு பதிவு பட்டியலின் உச்சியில் அப்படியே நிற்கிறது.