ஹாஸ்டலில் இரண்டு வருஷம், வாடகை வீட்டில் இரண்டு வருஷம்: கூட்டிக் கழித்தால் எவ்வளவு மிச்சம்?

"வெளியே வீடு எடுத்தால் பாதிச் செலவுதான்" என்று சொல்ல எல்லாக் காலேஜிலும் ஒரு சீனியர் இருப்பார். தாம்பரத்தைத் தாண்டி ஜிஎஸ்டி ரோட்டில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் படித்தபோது எனக்கும் ஒருவர் சொன்னார். முதல் இரண்டு வருஷம் கல்லூரி ஹாஸ்டல், அடுத்த இரண்டு வருஷம் நாலு பேராகச் சேர்ந்து மேற்குத் தாம்பரத்தில் வாடகை வீடு. வீட்டுக் கணக்கு நோட்டு என்னிடம்தான் இருந்தது (மற்ற மூவருக்கும் கணக்கென்றாலே தூக்கம் வந்துவிடும்), அதனால் எண்களோடு சொல்ல முடிகிறது. பாதியெல்லாம் குறையாது. கொஞ்சம் மிச்சமாகும், அதுவும் வீட்டில் அடுப்பு எரிந்தால்தான்.

முதலில் ஹாஸ்டல். நாலு பேர் அறை, ஏசி கிடையாது, மெஸ்ஸோடு சேர்த்து வருஷத்துக்கு 1,10,000 ரூபாய். தங்குவது பத்து மாதம்தான் என்பதால் மாதத்துக்கு 11,000 ஆகிறது. கரண்ட், தண்ணீர், வைஃபை எல்லாம் அதற்குள் அடக்கம், மாதக் கடைசியில் யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள், அது பெரிய நிம்மதி. ஆனால் ரசீதில் வராத செலவு ஒன்று உண்டு. இரவு ஏழரைக்கு மெஸ்ஸில் சாப்பிட்டவனுக்குப் பத்து மணிக்குப் பசிக்கும், மேகி, பிரெட் ஆம்லெட், பரோட்டா என்று ஓடும். ஞாயிற்றுக்கிழமை மெஸ் பக்கமே போகாமல் பிரியாணிக்குப் போவோம். எனக்கு இது மட்டும் மாதம் 1,500க்குக் குறைந்ததில்லை. ஆக வருஷத்துக்கு 1,25,000 என்பதுதான் உண்மையான கணக்கு. மெஸ் கட்டணம் மொத்தமாக முன்கூட்டியே வாங்கிவிடுவதால் நீங்கள் சாப்பிடாத வேளைக்கும் காசு போனது போனதுதான். நிறைய அரசுக் கல்லூரி ஹாஸ்டல்களில் டிவைடிங் சிஸ்டம், அந்த மாதச் செலவை எல்லோருக்கும் வகுத்துப் போடுவார்கள், அங்கே படித்த என் அண்ணன் எங்கள் கட்டணத்தைக் கேட்டுச் சிரித்தான்.

வீடு என்றதும் முதல் தலைவலி, பேச்சிலர் பசங்களுக்கு யாரும் தர மாட்டார்கள். தருகிறவர்கள் அதற்கு ஒரு விலை வைப்பார்கள். இரண்டு படுக்கையறை, மாதம் 14,000, மெயின்டனன்ஸ் 1,500, அட்வான்ஸ் 70,000. 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது, ஆனால் இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் சரி என்று ஒரு வாசலையும் திறந்து வைத்திருக்கிறது. வீடு கிடைத்தால் போதுமென்று நிற்கும் நாலு பையன்கள் எதற்குத்தான் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்? முடிச்சூர் பக்கம் இதைவிடக் குறைவாக ஒரு வீடு வந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்தப் பகுதி எப்படி மூழ்கியது என்று தெரியும், போதாக்குறைக்குத் தரைத்தளம் வேறு, வேண்டாமென்று விட்டோம்.

தலைக்கு மாதம் இப்படி வந்தது: வாடகையும் மெயின்டனன்ஸும் 3,875, கரண்ட் 300, வைஃபை 175, தண்ணீர் கேன் 120, கேஸ் 200, போக்குவரத்து 800, சாப்பாடு 3,500. ரயிலில் மாணவர் சீசன் டிக்கெட் மலிவு, ஷேர் ஆட்டோவில்தான் காசு போகும். மொத்தம் 8,970. 11,000க்குப் பதில் 8,970 என்றால் நல்லாத்தானே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் லீவுக்கு ஊருக்குப் போனாலும் வாடகை பன்னிரண்டு மாதமும் கொடுக்க வேண்டும். வாடகையைப் பன்னிரண்டு மாதத்துக்கும் மற்றவற்றைப் பத்து மாதத்துக்கும் போட்டால் வருஷத்துக்கு ஏறக்குறைய 97,500. மிக்ஸி, அடுப்பு, பாய், பழைய ஃபிரிட்ஜ், கடைசியில் பெயின்ட்டுக்கென்று அட்வான்ஸில் பிடித்த ஒரு மாத வாடகை, இவற்றையும் பிரித்துப் போட்டால் 1,02,000 தாண்டும்.

கரண்ட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மின்வாரியம் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகத் தருகிறது. எங்களுக்கு அது கண்ணிலேயே படவில்லை. எங்கள் போர்ஷனுக்குத் தனி இணைப்பு இல்லை, மாடிப்படிக்குக் கீழே ஒரு சப்-மீட்டர்தான், அதை ஓனர் அங்கிள் மாதம் முதல் தேதி காலையில் டார்ச் அடித்துப் பார்த்து, யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று பாக்கெட் நோட்டில் பெருக்கிக் காட்டுவார். வீடு பார்க்கப் போகும்போதே உங்கள் போர்ஷனுக்குத் தனி மின் இணைப்பு இருக்கிறதா என்று கேளுங்கள், இருந்தால் வாடகை 500 கூட என்றாலும் நஷ்டமில்லை.

இனி சாப்பாடு. அந்த 3,500 என்பது நாங்கள் ஒழுங்காகச் சமைத்த மாதங்களின் கணக்கு. ஒருவன் சோறும் குழம்பும் வைப்பான், ஒருவன் பாத்திரம், முட்டைக்குத் தனிக் கணக்கு, ஏனென்றால் ஒருவன் சைவம், அவன் பங்கில் முட்டைக்காசு ஏறிவிட்டால் அன்றைக்குப் பஞ்சாயத்துதான். செமஸ்டர் தேர்வு வந்தால் அடுப்பு அணைந்துவிடும், ஸ்விக்கிதான். அப்படிப்பட்ட மாதம் ஒன்றில் என் சாப்பாட்டுச் செலவு மட்டும் 6,800. அந்த வேகத்தில் வருஷம் முழுக்க ஓடியிருந்தால் ஹாஸ்டலைவிட வெளியே அதிகம் கொடுத்திருப்போம். பிறகு பக்கத்துத் தெருவில் ஓர் அக்கா நடத்தும் மெஸ்ஸில் இரவுச் சாப்பாட்டுக்கு மட்டும் மாதக் கணக்கு வைத்துக்கொண்டோம், நிலைமை சீரானது. நாலு பேரில் ஒருவருக்குக்கூடச் சமைக்கத் தெரியாது, பக்கத்தில் மாத மெஸ்ஸும் இல்லை என்றால் வீடு எடுக்கும் யோசனையே வேண்டாம்.

அடுத்த ஓட்டை ஆள் குறைவது. நாலாம் வருஷம் ஒருவனுக்குப் பெங்களூருவில் ஆறு மாத இன்டர்ன்ஷிப் கிடைத்தது, போய்விட்டான். மீதி மூவருக்கும் வாடகையில் ஆளுக்கு மாதம் 1,292 கூட விழுந்தது, ஆறு மாதத்துக்கு 7,750. அது போக அவன் அட்வான்ஸ் பங்கை உடனே கேட்டான். ஒப்பந்தம் என் பெயரில் மட்டும் இருந்ததால் ஓனர் என்னைத்தான் பார்த்தார். நாலு பேர் பெயரிலும் எழுதச் சொல்லுங்கள், நடுவில் போகிறவன் மாற்று ஆளைப் பிடித்துத் தந்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று உங்களுக்குள்ளேயும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இதையெல்லாம் கழித்த பிறகும் அந்த வருஷம் 15,000 போல மிச்சம், மற்ற வருஷம் 22,000 பக்கம்.

எல்லோருக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்தவர்களுக்கு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது, அவர்கள் ஹாஸ்டலை விட்டு வெளியே வர ஒரு காரணமும் இல்லை. முதல் பட்டதாரிச் சலுகை கல்விக் கட்டணத்துக்கு மட்டும்தான், ஹாஸ்டலுக்குச் செல்லாது. கல்விக் கடன் எடுத்தவர்கள் வெளியே போகும் முன் வங்கியில் பேசிவிடுங்கள். வெளியே தங்கும் செலவையும் நியாயமான அளவுக்குச் சேர்க்கலாம் என்றுதான் விதி, ஆனால் ஹாஸ்டல் ரசீதைக் காட்டுவதுபோல் ஓனரின் பாக்கெட் நோட்டைக் காட்ட முடியாது.

தனியார் ஹாஸ்டல், பிஜி (பேயிங் கெஸ்ட் விடுதி) பார்ப்பவர்களுக்கு ஒன்று. தொடர்ந்து 90 நாளாவது தங்கி, மாதம் 20,000 ரூபாய்க்குள் கொடுப்பவர்களுக்குத் தங்கும் கட்டணத்தில் 2024 ஜூலையிலிருந்து ஜிஎஸ்டி கிடையாது. பில்லில் அப்படி ஒரு வரி ஏறியிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.