வாடகை வீட்டுக்குக் காப்புறுதி எடுத்திருப்பவர்கள் கவனம்: 840,000 ரூபா சேதம், கையில் ஒரு மறுப்புக் கடிதம்

திருகோணமலையில் வீடு வாடகைக்குக் கொடுத்துவிட்டு, "இன்சூரன்ஸ் இருக்குத்தானே" என்று நிம்மதியாக இருப்பவர்கள் உங்கள் பொலிசியை இன்றைக்கே அலுமாரியிலிருந்து எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் முதல் பக்கங்களில் வீட்டின் பாவனை என்ன, குடியிருப்பவர் யார் என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியில் "உரிமையாளர் குடியிருக்கும் வீடு" என்று இருந்தால், வருடா வருடம் கட்டிய காசு தேவைப்படும் நாளில் உங்களுக்கு உதவாமல் போகலாம். எங்களுக்கு 840,000 ரூபா போய்விட்டது. மறுப்புக் கடிதம் இந்தக் கிழமைதான் வந்தது. கம்பனியின் பெயரை எழுதவில்லை. கொழும்பில் தலைமையகமும் இங்கே டவுனில் ஒரு கிளையும் உள்ள தனியார் காப்புறுதிக் கம்பனி, அவ்வளவுதான் சொல்லலாம். நடந்தது என்ன, இழப்பீட்டை எந்தெந்த இடத்தில் வெட்டினார்கள், இனி என்ன செய்ய வேண்டும் என்று முழுக்க எழுதுகிறேன்.

வீடு அலஸ்தோட்டத்தில், மேல்மாடியோடு. வாடகைக்கு இருந்தவர்கள் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மேல் குளியலறையில் வோஷிங் மெசின் வைத்திருக்கிறார்கள். அதற்காக அரை அங்குலத் தண்ணீர் லைனை வெட்டி ஒரு டீ (T வடிவக் குழாய் இணைப்பு) போட்டிருக்கிறார்கள், தனியாக ஒரு வால்வுகூட இல்லை. வாடகை நிலுவையோடு இரவோடிரவாகக் கிளம்பியபோது மெசினைக் கழற்றிக்கொண்டு, டீயின் வாயில் துணியைச் சுருட்டி அடைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அழுத்தத்தில் துணி தெறித்துவிட்டது. கூரைக்கு மேலே 1,000 லீற்றர் டாங்கி. டாங்கி இறங்க இறங்க ஃப்ளோட் சுவிச் கிணற்று மோட்டரைப் போட்டுக்கொண்டே இருக்கும். நிமிடத்துக்கு 10 லீற்றர் என்று வைத்தாலும் 8 மணித்தியாலத்தில் 4,800 லீற்றர். முன்கதவுக்குக் கீழால் தண்ணீர் முற்றத்துக்கு வந்ததைக் கண்டுதான் பக்கத்து வீட்டார் கோல் எடுத்தார்கள்.

கீழே ஹோலிலும் ஒரு அறையிலும் ஜிப்சம் சீலிங் தொங்கி விழுந்துவிட்டது. கழற்றி, புதிதாக அடித்து, பெயின்ற் பூச 265,000. பான்ட்ரி கபேட் எம்.டி.எஃப் பலகை. அந்தப் பலகை தண்ணீர் குடித்து ஊதினால் காயவைத்துத் திருத்த முடியாது, மாற்றத்தான் வேண்டும்: 195,000. வயரிங்கும் டிஸ்ட்ரிபியூஷன் போர்டும் 85,000. போகும்போது கழற்றிக்கொண்டு போன இரண்டு ஏசி, செப்புக் குழாயோடு, 250,000. எங்கள் சாமான்களை வைத்துப் பூட்டியிருந்த அறையின் கதவையும் உடைத்திருந்தார்கள், நிலையோடு 45,000. மொத்தம் 840,000 ரூபா. அவர்கள் தந்த அட்வான்ஸ் வாடகை நிலுவைக்கும் கரண்ட் பில்லுக்குமே சரியாகிவிட்டது.

இனி இந்தப் பொலிசியை எங்களுக்குப் போட்டுத் தந்த முகவர். ஊர்ப் பொடியன், குடும்பத்தைத் தெரியும், கோயில் திருவிழாவில் கூட நிற்பவர். விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டே முன்மொழிவுப் படிவத்தை, அதாவது காப்புறுதி கேட்டுக் கொடுக்கும் விண்ணப்பத்தை, தானே நிரப்பினார். ஆங்கிலப் படிவம். வீட்டில் நாங்கள் இருக்கப்போவதில்லை, வாடகைக்குத்தான் கொடுக்கிறோம் என்று முதல் பேச்சிலேயே சொல்லியாயிற்று. "அது ஒரு பிரச்சினையும் இல்லை அக்கா. வீடு வீடுதானே, ஆர் இருந்தாலும் கம்பனி பாக்காது. உடைச்சாலும் கவர், களவெடுத்தாலும் கவர், தண்ணி அடிச்சாலும் கவர். நான் இருக்கிறன்தானே." பென்சிலால் சின்னப் புள்ளடி போட்டுக் காட்டிய இடத்தில் கையெழுத்து வாங்கினார். பாவனை என்ற பெட்டியில் "உரிமையாளர் குடியிருப்பு" என்று அவரே நிரப்பியிருக்கிறார். வாடகை வீடு என்று எழுதினால் தவணைப்பணம் கூடும், சில நேரம் கொழும்பிலிருந்து கூடுதல் கேள்வி வரும், பொலிசி இழுபடும். அவருக்குத் தேவை அந்த மாத விற்பனைக் கணக்கு. "நான் இருக்கிறன்தானே" என்ற அந்தச் சொல்லை இப்போது நினைத்தாலும் நெஞ்சு எரிகிறது.

2020 டிசம்பரில் புரெவி புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையைக் கடந்தபின் இங்கே காப்புறுதி என்றாலே புயலும் வெள்ளமும்தான் பேச்சு. முகவர்களும் அந்தப் பயத்தைத்தான் விற்கிறார்கள். வாடகைக்குக் கொடுத்தவனுக்கு ஆபத்து பெரும்பாலும் வீட்டுக்குள்ளே இருந்துதான் வருகிறது. வாடகைக்காரர் செய்யும் சேதம் பற்றி பொலிசியின் கடைசிப் பக்கங்களில் உள்ள விதிவிலக்குகளை ஒருவரும் வாசித்துக் காட்டுவதில்லை.

சேதம் கண்ட அன்றே கோல் எடுத்து அறிவித்தோம். "மதிப்பீட்டாளர் வருவார், அதுவரைக்கும் ஒண்டையும் தொடவேண்டாம்" என்றார்கள். நனைந்த ஜிப்சமும் ஊதிய பலகையும் பூஞ்சணம் பிடித்து நாறத் தொடங்கியது. கிளையில் கேட்டால் "கொழும்புதான் சொல்லோணும்". கொழும்புக்கு அடித்தால் "உங்கட ஃபைல் ப்ரோசஸ்ல இருக்கு மெடம்". முகவர் முதலில் போனை எடுக்கவில்லை. பிறகு வேறு நம்பரிலிருந்து அடித்தபோது எடுத்து, "நான் இப்ப அந்தக் கம்பனியில இல்லை அக்கா, கிளையில கதையுங்கோ" என்று வைத்துவிட்டார். கடைசியில் மதிப்பீட்டாளர் வந்தார். அரை மணித்தியாலம்கூட நிற்கவில்லை. தொடாமல் வைக்கச் சொன்னது அவர்கள்தான். அறிக்கையில் எழுதியிருப்பதோ, சேதம் பெருகாமல் தடுக்க உரிமையாளர் நடவடிக்கை எடுக்கவில்லை என்று! இதை வாசித்தபோது வந்த கோபத்தை எழுத எனக்கு வார்த்தை இல்லை.

அவர் பிடித்த இன்னொரு பிடி, சீலிங் ஃப்ரேமில் இருந்த துருப்பிடித்த ஸ்குரூக்கள். அவற்றைக் கிட்டப் படமெடுத்து, இது மாரி மழையில் நீண்ட காலமாக ஒழுகிய வீடு, படிப்படியான சேதத்துக்குக் காப்பு இல்லை என்று எழுதிவிட்டார். உப்புவெளி, அலஸ்தோட்டம், திருக்கடலூர்ப் பக்கம் எந்த வீட்டுச் சீலிங்கைத் திறந்தாலும் ஸ்குரூ துருப்பிடித்துத்தான் இருக்கும், கடற்காற்றின் உப்பு. மழை ஒழுக்குக்கு அடையாளம் வேறு. ஒரே இடத்தில் நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்து, மண்ணிற வளையங்கள் ஒன்றுக்கு வெளியே ஒன்றாகப் படிந்திருக்கும். கூரை மரத்திலும் அந்தக் கறை தொடரும். எங்கள் வீட்டில் விழுந்த சீலிங்குக்கு மேலே இருப்பது கொங்கிரீட் தளமும் அதற்கு மேல் குளியலறையும். கூரையிலிருந்து மழை வர வழியே இல்லை. ஜிப்சம் துண்டுகளில் வளையம் ஒன்றுகூட இல்லை. சொன்னோம். எழுதினார்களா? இல்லை.

வெட்டிய கணக்கைக் கேளுங்கள், நாளைக்கு உங்களுக்கும் இதே வரிசையில்தான் வெட்டுவார்கள். ஏசி 250,000: சாவி உள்ளவர் எடுத்தது, வெளியிலிருந்து உடைத்து நுழையவில்லை, ஆகவே களவுக் காப்பில் வராது. கதவு 45,000: வீட்டில் சட்டப்படி இருந்தவர் வேண்டுமென்று செய்தது, விலக்கு. வயரிங் 85,000: மின்சாதனம் தானே பழுதானது என்று விலக்கு. மிஞ்சியது 460,000. அதில் பழசு என்று நூற்றுக்கு 25 தேய்மானம், 345,000. அதன்பின் சராசரி விதி, அதாவது காப்புத் தொகை குறைவாக இருந்தால் இழப்பீட்டையும் அதே விகிதத்தில் குறைப்பது. வீட்டைத் திரும்பக் கட்ட 180 இலட்சம் வேண்டும் என்று அவர்களே மதிப்பிட்டு, பொலிசியில் 90 இலட்சம்தான் இருக்கிறது என்று பாதியாக்கினார்கள், 172,500. அந்த 90 இலட்சத்தைப் போட்டதும் அதே முகவர்தான், "காணிக்கு இன்சூரன்ஸ் இல்லை அக்கா, இது காணும்" என்று. அதிலும் உங்கள் பங்கு என்று நூற்றுக்கு 10 கழித்து 155,250.

840,000 ரூபாவுக்கு 155,250. அதற்கும் "முழுமையான, இறுதியான தீர்வாக ஏற்கிறேன்" என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். வைக்கவில்லை. எழுத்தில் காரணம் கேட்டோம். பதிலுக்கு வந்ததுதான் இந்தக் கடிதம்: முன்மொழிவுப் படிவத்தில் உரிமையாளர் குடியிருப்பு என்று உள்ளது, முக்கிய தகவல் மறைக்கப்பட்டுள்ளது, கோரிக்கை முழுதாக நிராகரிக்கப்படுகிறது. மறைத்தது யார்? விறாந்தையில் இருந்து நிரப்பியது யார்? இதுவரை தவணைப்பணத்தை வாங்கும்போது ஒருவரும் வந்து பார்க்கவில்லை. கோரிக்கை போட்டவுடன்தான் வாடகை வீடு என்று தெரிகிறதாம். எங்களுக்குத் தந்துவிட்டு வாடகைக்காரரிடம் அறவிடும் உரிமை காப்புறுதிக் கம்பனிக்கு உண்டு. அந்த அலுவலைப் பார்க்காமல் எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள்.

விரிவாக எழுதத்தான் இருந்தேன், இப்போது மனம் நிற்கவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

பொலிசியில் "வாடகைக்கு விடப்பட்ட வீடு" என்று எழுத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் இன்றைக்கே கிளைக்குக் கடிதம் கொடுத்து, திருத்திய இணைப்புத் தாளை முத்திரையோடு வாங்குங்கள். நீங்கள் கொடுத்த கடிதத்தின் பிரதியிலும் திகதி முத்திரை குத்தி வாங்குங்கள். முகவர் வாயால் சொல்வதை வாட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்கள், எழுத மாட்டார் என்றால் அந்தப் பொலிசி வேண்டாம். நிரப்பிய முன்மொழிவுப் படிவத்தின் பிரதி கட்டாயம்.

காப்புத் தொகை என்பது வீட்டைத் திரும்பக் கட்டும் செலவு, மதில், டாங்கி, பான்ட்ரி உட்பட. காணி விலை அதில் சேராது. வங்கிக் கடனுக்காக எடுத்த பொலிசி என்றால் கடன் தொகையை மட்டும் போட்டிருக்கக்கூடும், பாருங்கள். வாடகைக்காரர் வேண்டுமென்று செய்யும் சேதம், சாவியோடு நடக்கும் களவு, குழாய் உடைந்தோ கழன்றோ வரும் தண்ணீர், மின்சார ஒழுக்கு, வீடு பூட்டிக் கிடக்கும் நாட்கள் ஆகிய ஐந்தையும் பெயர் சொல்லி ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஏசி, மோட்டர், கபேட் எல்லாம் கட்டடத்தில் சேருமா, தனியாக எழுத வேண்டுமா என்றும் கேளுங்கள்.

சேதம் வந்தால் முதலில் மெயின் சுவிச்சையும் டாங்கி வால்வையும் மூடுங்கள். வீடியோ எடுங்கள், ஒரு வட்டத்தில் எல்லாச் சுவரும் வரட்டும். அன்றே மின்னஞ்சலில் அறிவித்து, "சேதம் பெருகாமல் நனைந்ததை அகற்றப்போகிறோம், துண்டுகளை வைத்திருப்போம்" என்று அதிலேயே எழுதுங்கள். கழன்ற குழாய், டீ, துணி, சீலிங் துண்டு ஒன்றையும் எறியாதீர்கள். வயரிங்குக்குத் தகுதியுள்ள ஆளைக் கொண்டு 500 வோல்ட் மெகர் சோதனை (வயரில் கரண்ட் கசிகிறதா என்று பார்ப்பது) செய்து, எந்த சேர்கிட்டில் 1 மெகா ஓமுக்குக் குறைந்தது என்று அறிக்கை வாங்குங்கள். எங்கள் வீட்டில் அந்த அறிக்கை இருந்தும் வெட்டினார்கள், ஆனால் காப்புறுதித் தகராறுகளை விசாரிக்கும் குறைகேள் அதிகாரியிடம் போகும்போது கையில் காட்ட அதுதான் இருக்கிறது. பொலிஸ் முறைப்பாட்டில் ஏசி, கதவு எல்லாவற்றையும் பெறுமதியோடு சொல்லி எழுதுவியுங்கள்.

வாடகை ஒப்பந்தத்தை முத்திரைத் தாளில் டைப் அடித்து இரண்டு சாட்சியோடு முடிக்காதீர்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னால் எழுதப்படாவிட்டால், 1840-ஆம் ஆண்டின் 7-ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி அது செல்லாது. குழாய், வயர் எதையும் எழுத்து அனுமதியில்லாமல் வெட்டக்கூடாது என்று அதில் ஒரு வாசகம் போடுங்கள். சாவி கொடுக்கும் அன்று ஏசியின் தொடர் இலக்கம் உட்படச் சாமான் பட்டியல் எழுதி இரு தரப்பும் கையெழுத்து வையுங்கள்.

மறுப்பு எழுத்தில் வந்தபின் முதலில் கம்பனியின் முறைப்பாட்டுப் பிரிவு, பிறகு காப்புறுதிக் குறைகேள் அதிகாரி. 2000-ஆம் ஆண்டின் 43-ஆம் இலக்கச் சட்டப்படி கம்பனிகளும் முகவர்களும் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் கீழ்தான் இருக்கிறார்கள், அங்கேயும் எழுதுங்கள். நாங்கள் இரண்டு இடத்துக்கும் எழுதுகிறோம். அந்த முகவர் இப்போது வேறு கம்பனியின் படிவத்தோடு உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் சீசனுக்கு வீடு கொடுப்பவர்களிடம் போய்வருவதாகக் கேள்வி. படிவம் ஆங்கிலத்தில் இருந்தால் வாசிக்கத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பென்சில் புள்ளடி போட்ட இடத்தில் பேனையை வைக்க முன், பாவனை என்ற பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று அவரை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள்.