சூஸா, செலக்டா? பிள்ளைகளுக்கு முதலில் எதைப் பழக்குவது

பாளையங்கோட்டையில் வீட்டில் வைத்தே ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் டியூஷன் எடுக்கிறேன். 'தேர்ந்தெடு' என்பதற்கு எந்தச் சொல்லை முதலில் பழக்குவது என்று யோசித்து, இந்த வருஷம் 'சூஸ்' என்று முடிவெடுத்தேன்.

பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்தது 'செலக்ட்'தான். ஜவுளிக்கடையில் "செலக்ட் பண்ணியாச்சா அக்கா?" என்பார்கள். போனில் 'செலக்ட் ஆல்' இருக்கிறது. எழுத்தும் சுலபம், இறந்தகாலத்துக்குக் கடைசியில் 'எட்' சேர்த்தால் முடிந்தது. சூஸ் அப்படியில்லை. சூஸ், சோஸ், சோசன் என்று மூன்றையும் மனதில் ஏற்ற வேண்டும். நிகழ்காலத்தில் இரண்டு 'ஓ', இறந்தகாலத்தில் ஒன்று. நோட்டுத் திருத்தும்போது சிவப்பு மை அதிகம் விழுவது அந்த ஒரு 'ஓ'வில்தான்.

இருந்தும் சூஸ் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம், வாக்கியத்துக்குள் அது செய்யும் வேலை. சென்னைக்குப் போகாமல் இங்கேயே இருக்க முடிவெடுத்த ஒருவர் 'ஐ சோஸ் டு ஸ்டே இன் திருநெல்வேலி' என்று சொல்லலாம். 'ஐ செலக்டட் டு ஸ்டே' என்றால் வாக்கியம் நிற்காது. செலக்ட் செய்ய ஒரு பொருளோ ஆளோ வேண்டும்: சேலை, விடை, கிரிக்கெட் அணி. 'ஹீ வாஸ் செலக்டட் டு ப்ளே' சரிதானே என்று கேட்கலாம். சரிதான், ஆனால் அங்கே தேர்ந்தெடுத்தது தேர்வுக்குழு, அவன் இல்லை. நம் ஊரில் "அவன் செலக்ட் ஆயிட்டான்லா" என்பதும் அதே கதைதான். ஒரு பிள்ளை தன் முடிவைத் தானே எடுத்ததாகச் சொல்ல வேண்டிய இடத்தில் சூஸ்தான் கைகொடுக்கும். இன்டர்வியூவில் 'இந்தக் கோர்ஸை ஏன் எடுத்தாய்?' என்று கேட்டால் பதில் 'ஐ சோஸ்' என்றுதான் தொடங்க வேண்டும்.

பிறப்பிலும் இந்த வித்தியாசம் இருக்கிறது. செலக்ட் 16ஆம் நூற்றாண்டில் லத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. 'செ' என்றால் தனியே, 'லெகெரே' என்றால் பொறுக்குதல். கூட்டத்திலிருந்து பொறுக்கி ஒதுக்கி வைப்பது. சூஸ் ஆங்கிலத்தின் சொந்தச் சொல். பழைய ஆங்கிலத்தில் 'செயோசன்'. ஆங்கிலம், லத்தீன், வடமொழி எல்லாவற்றுக்கும் மூலமான இந்தோ-ஐரோப்பிய மொழியில் அதன் வேருக்குச் சுவைத்தல் என்று பொருள். லத்தீனில் சுவையைக் குறிக்கும் 'குஸ்டஸ்', அதன் வழியே வந்த 'டிஸ்கஸ்ட்', வடமொழியின் 'ஜுஷ்' எல்லாம் அந்த வேரின் கிளைகள். அல்வாக் கடையில் ஒரு விள்ளல் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு "இதுல அரைக்கிலோ போடுங்க அண்ணாச்சி" என்கிறோமே, அதுதான் சூஸ். இதைச் சொன்னதும் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபட்டது. 'சாய்ஸ்' மட்டும் பிரெஞ்சைச் சுற்றிக்கொண்டு வந்தது, அதனால்தான் எழுத்து மாறுகிறது. ஆனால் அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்கும் வேர், ஆங்கிலம் பிறந்த ஜெர்மானிய மொழிக் குடும்பம்தான்.

தேர்ந்தெடுப்பதற்கு 'ஆப்ட்' (opt) என்று இன்னொரு சொல்லும் உண்டு. கல்லூரிப் பிள்ளைகளுக்கு நான் எடுத்ததில்லை, அதனால் அவர்களுக்கு அது எவ்வளவு உதவும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

'ஓ' தவறுக்கு ஒரு வழி செய்திருக்கிறேன். முதல் வாரம் முழுக்க 'எஸ்டர்டே' என்று தொடங்கும் வாக்கியங்களை மட்டும் எழுதச் சொல்கிறேன். 'சோஸ்' கையில் படிந்த பிறகுதான் நிகழ்காலம்.