சுவாமிமலைப் பட்டறையில் செய்து வாங்கிய நடராஜர்

நாட்டிய வகுப்பில் வைக்க ஒன்றரை அடியில் ஒரு நடராஜர் தேவைப்பட்டார். சுவாமிமலையில் ஒரு சின்னப் பட்டறையில் சொல்லிச் செய்தேன். பெயர் போட வேண்டாம் என்று ஸ்தபதி கேட்டுக்கொண்டதால் போடவில்லை.

வேலை அருமை. கடைகளில் கிடைக்கும் அச்சுச் சிலைகளில் காலடியில் கிடக்கும் அசுரனான முயலகன் மேல் ஊன்றிய வலது கால் கம்பி மாதிரி விறைத்து நிற்கும். இதில் முழங்கால் நன்றாக மடங்கி, உடம்பின் பாரம் முழுக்க அங்கே இறங்கியிருக்கிறது. அரைமண்டி, அதாவது முழங்கால்களை வெளிப்பக்கம் மடக்கிப் பாதி உட்காரும் நிலை, சரியாக உட்காராத பிள்ளைகளை இப்போது இதைப் பார்க்கச் சொல்கிறேன். மெழுகில் செய்து, வண்டல் மண் பூசி, மெழுகை உருக்கி வடித்து, உலோகத்தை உருக்கி ஊற்றிய பின் அச்சை உடைத்துவிடுகிறார்கள். அதனால் இதே போல இன்னொன்று வராது.

புதுப் பித்தளைப் பளபளப்பு கண்ணை உறுத்தியது. பழைய சிலை மாதிரி நிறம் ஏற்ற முடியுமா என்று கேட்டேன். “ஏத்தலாம் டீச்சர், ஒரே வாரத்துல சோழர் காலம் ஆயிடும். ஆனா பீடத்துக்கு அடியில செஞ்ச வருஷத்தை வெட்டி எழுதிடுவேன், சம்மதமா?” என்றார். வருஷம் வேண்டாம் என்று சொல்லி அதிக விலை தர வருகிறவர்களும் உண்டாம். அவர்களுக்குச் செய்வதில்லை என்றார்.

அரியலூர் ஸ்ரீபுரந்தான் கோவிலிலிருந்து திருடப்பட்ட நடராஜரை ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடம் 2008இல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. பழஞ்சிலைகளை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகத் தடை விதித்த 1972 சட்டத்துக்கு முன்பே நாட்டை விட்டுப் போனதாகக் காட்டும் போலிக் காகிதம் கூடவே வந்தது. 2014இல்தான் சிலை திரும்பியது. அங்கே சிலை நிஜம், காகிதம் பொய். வருஷம் வெட்டாமல் பழசு போலப் பச்சை நிறம் ஏற்றிய சிலையில் பொய் சிலையின் மேலேயே பூசப்பட்டிருக்கும். அழகு இருந்தால் போதும், ஒழுக்கம் எதற்கு என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. நாங்களும் அரிதாரம் பூசி ஆடுகிறவர்கள்தான், ஆனால் அது அரிதாரம் என்று எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும். ஸ்தபதி வெட்டிய வருஷமும் அந்த மாதிரிதான். அதனால் நிறம் ஏற்றியே வாங்கினேன்.

குறை என்றால் தாமதம். மழையில் மண் அச்சு காயவில்லை என்று இழுத்தடித்ததில் மாணவியின் அரங்கேற்றத்துக்குச் சிலை வந்து சேரவில்லை. ரசீதும் கேட்டுக் கேட்டுத்தான் கிடைத்தது. விலை எடைக்கணக்கு, பேரம் பேச இடமில்லை. ஐந்துக்கு நான்கு.