அண்ணா நகர் ஸ்கேன் சென்டர்: டாப்ளர் எடுக்கணும்னா நம்பி போகலாம்

தங்கச்சிக்கு மூணாவது மாசத்துல கரு கலைஞ்சு டி அண்ட் சி (கர்ப்பப்பைய சுரண்டி க்ளீன் பண்றது) பண்ணாங்க, அதுக்கப்புறம் ப்ளீடிங் நிக்கவே இல்ல, நின்னுடுச்சுன்னு நினைக்கும்போதே கொழா தொறந்து விட்ட மாதிரி கட்டி கட்டியா போகும். முதல்ல பார்த்த க்ளினிக்ல உள்ள மிச்சம் இருக்கு, இன்னொரு தடவ க்ளீன் பண்ணிடலாம்னு தேதியே குடுத்துட்டாங்க. எங்க அத்தை நர்ஸா இருந்தவங்க, கலர் டாப்ளர் (ரத்த ஓட்டத்த கலர்ல காட்டற ஸ்கேன்) பாக்காம ஒத்துக்காதீங்கன்னு பிடிவாதமா சொன்னதாலதான் இங்க வந்தோம்.

லேடி டாக்டரே உக்காந்து உள்வழி ஸ்கேன் எடுத்தாங்க, அவசரமே படல. கலர் போட்டதும் கர்ப்பப்பை சுவர்ல ஒரே ஒரு எடத்துல மட்டும் சிவப்பு நீலம் மஞ்சள்னு கலந்து மின்னுது, மத்த எடமெல்லாம் வெறும் சாம்பல்தான். மானிட்டர எங்க பக்கம் திருப்பி சொன்னாங்க: சாதாரணமா ஆர்ட்டரி ரத்தம் சின்ன சின்ன ரத்தக்குழாய் வழியா வேகம் கொறஞ்சுதான் வெயினுக்கு போகணும், டி அண்ட் சி, சிசேரியன் இதுக்கெல்லாம் அப்புறம் சிலருக்கு ரெண்டும் நேரா சேந்துக்குமாம், ஏவிஎம்னு பேரு, அங்க போய் மறுபடி சுரண்டுனா ரத்தத்த கட்டுப்படுத்தவே முடியாம போகலாம். கேட்டு எனக்கு கை நடுங்கிடுச்சு. அவங்களே எங்க கைனகாலஜிஸ்டுக்கு போன் போட்டு பேசுனாங்க, அதுக்கு எவ்ளோ நன்றி சொன்னாலும் பத்தாது.

பயமுறுத்தவும் இல்ல. மிச்ச திசு இருந்தாலும் இப்படி ரத்த ஓட்டம் கூடி தெரியும், பீட்டா ஹெச்சிஜி (கர்ப்ப ஹார்மோனுக்கான ரத்த டெஸ்ட்) பாத்துடுங்க, நெறைய பேருக்கு தானாவே அடங்கிடும்னும் சொன்னாங்க. இவளுக்கு ஹீமோகுளோபின் ரொம்ப எறங்கிட்டதால காத்திருக்க முடியல, பெரிய ஆஸ்பத்திரில எம்போலைசேஷன் பண்ணாங்க. தொடை ஆர்ட்டரி வழியா மெல்லிசா ட்யூப் விட்டு கர்ப்பப்பைக்கு போற ரத்தக்குழாய அடைக்கறது, வயித்துல கத்தி வைக்கல, மயக்க மருந்தும் முழுசா குடுக்கல. ராத்திரி வயித்துவலி கடுமையா இருந்துச்சு, ஆனா கர்ப்பப்பைய எடுக்காம காப்பாத்திட்டாங்க. இதுக்கப்புறமும் குழந்த பெத்தவங்க இருக்காங்கன்னு டாக்டர் சொன்னப்பதான் அவ முகத்துலயே தெளிவு வந்துச்சு.

ரிப்போர்ட்டும் அருமை, எந்த பக்கம், எத்தன மில்லிமீட்டர், ரத்தம் என்ன வேகத்துல ஓடுதுன்னு எல்லாம் எழுதி படத்தோட குடுத்தாங்க, எம்போலைசேஷன் பண்ண டாக்டர் அத வச்சே பேச ஆரம்பிச்சாரு. டி அண்ட் சிக்கு அப்புறம் ப்ளீடிங் விடாம போச்சுன்னா, ரெண்டாவது தடவ க்ளீன் பண்ண ஒத்துக்கறதுக்கு முன்னாடி டாப்ளர் கேளுங்க, தயவுசெஞ்சு கேளுங்க.

கொற என்னன்னா அப்பாயின்மென்ட் இருந்தும் ரொம்ப நேரம் உக்கார வச்சாங்க, கவுன்டர்ல தண்ணி குடிக்க சொல்றாங்க, உள்ள போனா யூரின் போயிட்டு வான்னு அனுப்பறாங்க. ரத்தம் போய் தலசுத்தி வர்ற பொண்ண அலைக்கழிக்கலாமா? அதுக்காக ஒரு ஸ்டார் கொறச்சு நாலு குடுக்கறேன், ஸ்கேன் பண்ண டாக்டருக்கு மட்டும்னா அஞ்சும் குடுத்திருப்பேன்.