பிள்ளைகளுக்கு மாயக்கதை: தடையா, தேர்ந்த கதையா, கூட இருந்து வாசிப்பதா?

மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கம் சபைக்குப் போகிற வீடுகளில், பிள்ளை தானாகக் கதைப்புத்தகம் எடுக்கிற வயது வந்ததும் இந்தப் பேச்சும் வந்துவிடும். மந்திரக்கோல், சூனியக்காரி, பேசும் மிருகம் என்று வருகிற கதைகளைக் கொடுக்கலாமா? எங்கள் வீட்டிலும் பேசினோம். நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), மனைவி பெந்தெகொஸ்தே சபையில் வளர்ந்தவள். மகள் ஐந்தாம் வகுப்பு. எங்கள் முன் மூன்று வழி இருந்தது. மூன்றாவதை எடுத்தோம், அதையே மற்றவர்களுக்கும் சொல்வேன்.

முதல் வழி முழுத் தடை. ஆதாரம் உபாகமம் 18: குறி சொல்லுகிறவன், சூனியக்காரன், மந்திரவாதி யாரும் உங்களுக்குள்ளே இருக்கக் கூடாது. அப்போஸ்தலர் 19-ஐயும் எடுப்பார்கள். எபேசுவில் மாயவித்தைக்காரர்கள் தங்கள் புத்தகங்களை எல்லார் முன்னிலையிலும் எரித்தார்கள். விலை கூட்டிப் பார்த்தால் ஐம்பதினாயிரம் வெள்ளிக்காசு. இதை வீண் பயம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. கயிறு மந்திரிக்கவும் செய்வினை எடுக்கவும் தமிழ்நாடு-கேரள எல்லைக்கு இரண்டு பக்கமும் இன்றும் ஆட்கள் போய்வருகிறார்கள். என் மாமியார் குடும்பம் அதையெல்லாம் விட்டுத்தான் சபைக்கு வந்தது. வாசலில் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம் கிடந்த நாட்களைப் பார்த்தவர் அவர். அவர் "வேண்டாம் மக்களே" என்றால் நின்று கேட்க வேண்டும்.

ஆனால் இதே ஊர்களில் மலையாளச் சேனலில் கடமற்றத்து கத்தனார் தொடர் ஓடியபோது ஜெபக்கூட்டம் முடிந்து வந்து பார்த்தவர்கள் உண்டு. மந்திரம் படித்த பாதிரியார் யட்சியை அடக்குகிற கதை அது. எங்கிருந்தோ வந்த புத்தகம் மட்டும் அகப்பட்டுக்கொள்கிறது.

அப்படி அதிகம் அகப்பட்டது, மந்திரப் பள்ளியில் படிக்கும் சிறுவனின் கதையான ஹாரி பாட்டர். முதல் பாகம் 1997-இல் வந்தது. 2000 முதல் 2009 வரை அமெரிக்காவில் அதிக எதிர்ப்புக்குள்ளான புத்தகங்கள் என்று அந்நாட்டு நூலகச் சங்கம் வெளியிட்ட பட்டியலில் அந்த வரிசைக்குத்தான் முதலிடம். கத்தோலிக்கத் திருச்சபைக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. பின்னால் திருத்தந்தையான கர்தினால் ராட்சிங்கர், அந்தக் கதைகளை எதிர்த்து எழுதிய ஒரு ஜெர்மன் எழுத்தாளருக்கு 2003-இல் ஆதரவாகக் கடிதம் எழுதினார். அதே ஆண்டு வத்திக்கான் பத்திரிகையாளர் சந்திப்பிலேயே ஒரு குருவானவர், அந்தக் கதைகளில் தப்பில்லை என்று பேசினார்.

இரண்டாம் வழி, நம்முடைய விசுவாசத்தோடு ஒத்துப்போகிற மாயக்கதைகளை மட்டும் கொடுப்பது. ஜான் பனியனின் மோட்சப் பயணக் கதை 1678-இல் வந்தது. அதைத் தழுவித்தான் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை இரட்சணிய யாத்திரிகம் பாடினார், 1894-இல் அச்சேறியது. பனியன் கதையில் அரக்கன் உண்டு, செதில் முளைத்த அப்பொல்லியோன் உண்டு; எந்தச் சபையும் அதைத் தடுத்து நான் கேட்டதில்லை. அப்புறம் சி. எஸ். லூயிஸின் நார்னியா, 1950 முதல் 1956 வரை வந்த ஏழு பாகங்கள். சிங்கம் துரோகி ஒருவனுக்காகச் சாகிறது, உயிரோடு எழும்புகிறது. சண்டே ஸ்கூல் போகிற பிள்ளைக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நல்ல வழிதான். ஆனால் அந்தச் சிங்கம் எழும்புவதற்கு லூயிஸ் சொல்லும் காரணம் காலத்துக்கு முந்தைய ஓர் ஆழ்ந்த மந்திரம். பிறகு வரும் ஒரு பாகத்தில் கிரேக்கரின் மதுத் தெய்வமே வந்து ஆடுகிறது. எழுத்துப்படி உபாகமத்தை அளவுகோலாக வைத்தால் நார்னியாவும் தேறாது. சூனியக்காரி வருகிறாளா என்று தேடிப் புத்தகம் பொறுக்குவது பாதி வழியில் நின்றுவிடுகிறது.

எனக்குத் தீர்மானமாகப் பட்டது வேறொன்று: பிள்ளைக்குச் சந்தேகம் வந்தால் யாரிடம் போகும்?

தடை போட ஒரு வார்த்தை போதும், அதைக் காப்பாற்றத்தான் தினமும் காவல் வேண்டும். பள்ளி நூலகம் இருக்கிறது, பாறசாலையில் இருக்கும் சித்தி மகனின் போன் இருக்கிறது, தமிழில் பேசும் படமாக டிவியிலும் வருகிறது. பிள்ளை எப்படியும் பார்த்துவிடும். பார்த்தபின் அதற்கு ஒரு கேள்வி எழுந்தால் வீட்டில் கேட்க முடியாது; கேட்டாலே மாட்டிக்கொள்ளும். பயந்திருந்தாலும் சொல்லாது. மந்திரம் நிஜமா, நானும் சொல்லிப் பார்க்கலாமா என்று தோன்றினால், பதில் அந்தச் சித்தி மகனிடமிருந்துதான் வரும். மாமியார் எதற்குப் பயந்தாரோ அது நடக்க இதைவிட வசதியான இடம் இல்லை.

அதனால்தான் கூட இருந்து வாசிக்கிறோம். ஹாரி பாட்டர் ஏழு பாகத்தையும் முதலில் நான் வாசித்துவிட்டேன். அந்தக் கதையில் மந்திரம் பிறவியிலேயே வருகிறது, ஆவியை அழைத்துப் பெறுவதல்ல. கடைசிப் பாகத்தில் ஹாரியின் பெற்றோரின் கல்லறையில் பொறித்திருப்பது "பரிகரிக்கப்படும் கடைசிச் சத்துரு மரணம்" என்ற 1 கொரிந்தியர் வசனம். ஆனால் குறி சொல்லும் பாடமும் அதில் இருக்கிறது. ஆசிரியை பெரும்பாலும் பொய்க்காரி என்றாலும் அவர் சொன்ன சில குறிகள் பலிக்கின்றன. அந்த இடத்தில் நான் மாமியார் பக்கம். அதை வாசித்த அன்று புத்தகத்தை மூடிவிட்டு 1 சாமுவேல் 28-ஐ எடுத்தோம். சவுல் ராஜா எந்தோர் ஊரில் ஒரு குறிகாரியிடம் குறிகேட்கப் போகிற அதிகாரம்.

மகள் கடைசி வசனங்களில் நின்றுவிட்டாள். "அப்பா, சவுல் சாப்பிடாம தரையில கிடந்தப்ப அவங்கதானே கன்னுக்குட்டி அடிச்சு, அப்பம் சுட்டுக் கொடுத்தாங்க? அப்ப அவங்க கெட்டவங்களா?" எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. முற்றத்தில் பயறு உரித்துக்கொண்டிருந்த மாமியார் முறத்தைத் தள்ளிவைத்துவிட்டு உள்ளே வந்தார். "அவ குறி சொன்னது பாவம் மக்களே. பசிச்சவனுக்குச் சாப்பாடு போட்டது பாவமில்ல." அப்புறம் தன் வீட்டில் மந்திரவாதி வந்துபோன கதையை முதல் முறையாகப் பேத்தியிடம் சொன்னார். அவரை அத்தனை பணம் கேட்டு அலைக்கழித்ததை, கடைசியில் ஒன்றும் நடக்காததை எல்லாம் சொன்னார். தடை இருந்த வீட்டில் இந்தப் பேச்சு வந்திருக்காது.

இந்த வழிக்கும் விலை உண்டு. ராத்திரி பயந்து எழும்புகிற சுபாவமுள்ள பிள்ளைக்கு இது சரிப்படுமா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. என் மகள் அப்படியில்லை. பதின்மூன்று, பதினான்கு வயதில் பக்கத்தில் உட்கார விடுவாளா என்பதையும் இனிமேல்தான் பார்க்க வேண்டும். முக்கியமாக இதற்கு நேரம் வேண்டும். அப்பா வளைகுடாவில், அம்மா முந்திரி ஆலையில் என்று இருக்கிற வீட்டில் தினம் யார் கூட உட்காருவது? அவர்களுக்கு இரண்டாம் வழியைத்தான் சொல்வேன். நார்னியாவில் தொடங்கலாம், பாட்டி இருந்தால் பாட்டியை வைத்துக் கேட்கச் சொல்லலாம். மாமியார் இப்போதும் ஹாரி பாட்டரைத் தொடுவதில்லை. வாசிக்கிற நேரத்தில் பக்கத்தில் வந்து உட்காருகிறார், எங்களுக்கு அது போதும்.