பழைய துணியை கடையில குடுக்கலாமா, கேரோசெல் ஆப்ல நாமளே விக்கலாமா?

தீபாவளிக்கு முன்னாடி அலமாரிய காலி பண்ணுறப்போ வருஷாவருஷம் இதே கேள்விதான். நான் ரெண்டுமே செஞ்சு பாத்துட்டேன்.

செகண்ட் ஹேண்ட் கடைன்னா வேலை ரொம்ப கம்மி, துவைச்சு அயர்ன் பண்ணி பையில போட்டு குடுத்தா அவங்களே பாத்து எடுத்துக்குவாங்க. ஆனா நான் போன கடையில ஆபீஸ் டிரஸ், லவ் போனிட்டோ மாதிரி பிராண்டு மட்டும்தான் எடுத்தாங்க, சுடிதார், லெஹங்காவெல்லாம் அப்படியே திரும்பி வந்துடுச்சு. கைக்கு வர்ற காசும் கம்மிதான், பாவம் அவங்களுக்கும் வாடகை, சம்பளம்னு செலவு இருக்குல்ல.

கேரோசெல் 2012ல நம்ம சிங்கப்பூர்லயே ஆரம்பிச்சது. இங்க விலைய நாம வைக்கலாம், அதுதான் பெரிய லாபம், புடவை, லெஹங்கா மாதிரி நம்ம துணிக்கும் ஆள் கிடைக்கும், ஒரே ஒரு தடவை கல்யாணத்துக்கு கட்டின பட்டுப்புடவைய ஒரு அக்கா உட்லண்ட்ஸ் எம்ஆர்டி ஸ்டேஷன்ல வந்து வாங்கி, முந்தானைய விரிச்சு பாத்துட்டு அங்கயே போன்ல பேநவ் மூலமா காசு அனுப்பிட்டு போனாங்க, எனக்கு அவ்ளோ சந்தோஷம். ஆனா போட்டோ எடுக்கணும், அளவு எழுதணும், கறை, கிழிசல் இருந்தா மறைக்காம சொல்லணும், விலை பேசிட்டு வராம போறவங்களையும் பொறுத்துக்கணும். அட்வான்ஸ் கட்டு, லிங்க்கை அமுக்குன்னு யாராச்சும் கேட்டா உடனே பிளாக் பண்ணிடுங்க, விக்கிறவங்களையும் ஏமாத்துறாங்க.

அதனால இப்போ பட்டு, லெஹங்கா எல்லாம் கேரோசெல்ல, ஆபீஸ் டிரஸ் கடைக்கு. ரெண்டுலயும் போகாத டிஷர்ட் எல்லாம் பழைய சாமான் வாங்குற காராங்குனி அங்கிளுக்கு, கிலோ கணக்குல எடுத்துக்குவாரு.